கோலமாவில் போட்ட வீடு

மூன்று லட்சத்து இருபதாயிரம். கிருமாம்பாக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினோரு வருடம் போர்வை மடித்த உஷாராணியின் சீட்டுப் பணம் அது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

இருப்பது ஷீட் போட்ட இரண்டு அறை. கழிப்பறை தோட்டத்தின் கோடியில். கணவர் டேனியல் லோடு ஆட்டோ ஓட்டியவர். போன வருடம் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். கழிப்பறைக்குப் போக மனைவியின் தோள் வேண்டும். அதனால், உஷாராணி வேலைக்குப் போகிற நாளில் டேனியல் தண்ணீரே குடிப்பதில்லை.

வாசல் பக்கம் புதிதாக ஒரு படுக்கையறை, அதை ஒட்டிக் கழிப்பறை, ஒரு போர்ட்டிகோ. மேஸ்திரி முத்துசாமி போட்ட கணக்கு பணத்துக்குள் சரியாக நின்றது. போர்ட்டிகோ டேனியலின் ஆசை. ஆட்டோ ஓட்டிய காலத்திலேயே மனதில் கட்டி முடித்தது.

காகிதத்தில் பார்த்து உஷாராணிக்கு எதுவும் விளங்கவில்லை. மூன்று பாக்கெட் கோலமாவு வாங்கி வந்து, டேப் பிடித்து அளந்து, வாசலில் வீட்டை முழு அளவில் போட்டார்.

நான்கு நாள் இருவரும் அதில் வாழ்ந்தார்கள். கட்டிலை வெள்ளைக் கோடுகளுக்குள் போட்டுப் படுத்தால், கூரை வர வேண்டிய இடத்தில் கொக்குகள் பறந்தன. கரும்புக்கொல்லைக் காற்று ஒரு சுவர் வழியாக வந்து மறு சுவர் வழியாகப் போனது. உஷாராணி ஜன்னலைத் தினமும் இடம் மாற்றினார். ஒரு நாள் காலை வெயிலுக்கு, ஒரு நாள் வேப்பமரத்துக்கு. டேனியல் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டுத் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டார். அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டை மிதிக்காமல் வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் வாங்க முத்துசாமி வந்தார்.

"இன்னாக்கா, வூடே கட்டி முடிச்சிட்ட? எனக்கு வேல இல்லியா?"

"கூலி தரமாட்டேன். சுத்திப் பாத்துட்டுப் போ."

டேனியல் கட்டிலிலிருந்து எழுந்து, முதல்முறையாகக் கோலமாவுக் கழிப்பறைக்குள் நுழையப் போனார். வாக்கரின் ஒரு கால் கோட்டின் மேல் நின்றது.

"யோவ், செவுத்த இடிக்கிற," என்று சிரித்தார் உஷாராணி.

டேனியல் வாக்கரைச் சாய்த்தார், திருப்பினார். நுழையவில்லை. நிலைச் சட்டம் போகக் கதவு வழி இரண்டு அடிதான். கோட்டைத் தாண்டி உள்ளே போனால், திரும்ப இடமில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது.

"மூணடி வழி வெச்சி, உள்ளயும் அகலப்படுத்தணும்ண்ணே," என்றார் முத்துசாமி. "நாப்பதாயிரம் ஏறும். பரவால்ல, அப்பறமா குடுங்க."

"அப்பறம்னு ஒண்ணு கெடையாது தம்பி. என் ஜன்னல எடுத்துடு."

"ஜன்னல எடுத்தா ரெண்டாயிரம்கூட மிச்சமாவாதுக்கா."

யாரும் போர்ட்டிகோவைப் பார்க்கவில்லை. டேனியல் மெல்ல அங்கே நடந்து போய், வாக்கரின் ரப்பர் காலால் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் அழியவே நேரம் பிடித்தது. உஷாராணி உதவிக்குப் போனார்.

"இரு உஷா. என் போர்ட்டிகோ, நானே இடிக்கிறேன்."

"தெருவுல போறவங்கள எங்க உக்கார வெப்ப?"

"மண்ணுல."

மிச்ச மாவில் உஷாராணி கழிப்பறையை ஆறுக்கு ஏழாகப் பெரிதாக்கினார். டேனியல் தனியாக உள்ளே போய், முழுதாய்த் திரும்பி, வெளியே வந்தார்.

திங்கட்கிழமை கடைக்கால் தோண்டுகிறார்கள். முதலில் கழிப்பறைக்கு.