ஜன்னல் கம்பிக்குப் போன என் காது

போன கோடையில் ஒரு மத்தியானம். விழுப்புரத்தில் காதுப் பயிற்சியை முடித்துக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். இரண்டு காதும் அடியோடு போய்விட்டதால், சென்னையில் வலது காதுக்குள் கருவி வைத்திருந்தார்கள். கூடவே என்னை ஒரு சோதனையிலும் சேர்த்திருந்தார்கள். பட்டுப்போன காது நரம்பு மறுபடி துளிர்க்கிறதா என்று பார்க்க, கருவியோடு சிலருக்கு நரம்பாக வளரக்கூடிய செல்களையும் உள்ளே விடுவார்கள். யாருக்கு விட்டார்கள் என்பதைக் கடைசிவரை சொல்லமாட்டார்கள்.

"உங்க தலைக்குள்ள இருக்கா இல்லியான்னு சந்தேகப்பட இது ஒண்ணுதானா?" என்றாள் மனைவி.

காதுக்கு மேலே, பெரிய சட்டைப் பித்தான் மாதிரி ஒரு வெளிக்கருவி காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இருந்தால்தான் கேட்கும். அதைச் சட்டையோடு பிணைக்க ஒரு கயிறும் கொடுத்திருந்தார்கள். நாய்ச்சங்கிலி மாதிரி இருக்கிறதென்று நான் மாட்டுவதில்லை.

விக்கிரவாண்டி தாண்டியதும் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். விழித்தால் உலகமே ஊமை. கண்டக்டர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. எஞ்சின்கூட இல்லை. செல்லெல்லாம் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, மனதுக்குள் அவற்றுக்குக் கருமாதியே நடத்தி முடித்தேன். அதன் பிறகுதான் தலையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. பித்தானைக் காணோம். பக்கத்தில் திறந்த ஜன்னல்.

இன்னொன்று வாங்க எனக்கு வழியில்லை. அது போனால் சோதனையும் போச்சு, காதும் போச்சு. எவ்வளவு சத்தமாகக் கத்தினேனோ தெரியாது, டிரைவர் போட்ட பிரேக்கில் எல்லாரும் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்கள். குதித்து இறங்கி, வந்த வழியே தரையைத் துழாவியபடி ஓடினேன். ஓரத்தைவிட்டு எப்போது நடுரோட்டுக்கு வந்தேன் என்பதே நினைவில்லை.

பின்னாலிருந்து யாரோ காலரைப் பிடித்து இழுத்தார்கள். மல்லாக்க விழுந்தேன். நான் நின்றிருந்த இடத்தில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. புழுதி முகத்தில் அடித்தது. ஹாரன் அடித்திருப்பான், பாவம்.

இழுத்தது பின்சீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையோடு வந்த ஒரு பெண். அவள் வாய் படபடவென்று அசைந்தது. நான் விரலை வட்டமாக்கித் தலையில் வைத்துக் காட்டினேன். என்ன புரிந்ததோ, மணிக்கட்டைப் பிடித்து பஸ்ஸுக்கே இழுத்துப்போனாள். சீட்டுக்கு அடியில் பார்த்தாள், மேலே பார்த்தாள். ஜன்னல் கம்பியில், முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு மாதிரி என் காது ஒட்டிக்கொண்டிருந்தது. காந்தமல்லவா, என் மண்டையைவிடக் கம்பி உசத்தி என்று தாவிவிட்டது.

அவசரத்தில் எனக்கு இடம் பிடிபடவில்லை. அவளே வைத்தாள். சட்டென்று சத்தம் வந்தது.

"...காது கேக்காத மன்சன் இன்னாத்துக்குய்யா ரோட்ல பூந்து தேடிக்கினு நிக்கிற? லாரி அட்ச்சிருந்தா உன் பொண்டாட்டிக்கு யார்யா பதில் சொல்றது?"

திட்டிக்கொண்டே என் சட்டையில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டாள்.

"வண்டிய எடுக்கலாமா சார், இல்ல இன்னும் எதாச்சும் கயண்டு வுழுந்துக்கீதா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், ஒரு கையால் பித்தானை அழுத்திப் பிடித்தபடி.

எனக்குள் செல் இருக்கிறதா என்பது இன்னும் தெரியாது. ஆனால் அந்தத் திட்டைக் கேட்க நான் இல்லாமலே போயிருப்பேன் என்று நினைக்கும்போதெல்லாம், வீட்டில் தினமும் விழும் திட்டுகூட இப்போது காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது.