பவளப்பாறைக்கு முதுகு காட்டி நின்றவன்

அன்று காலை படகில் ஸ்டீபன் கிண்டிய உப்புமா அடிபிடித்துவிட்டது.

"கருகினத நீ துன்னு மாமா. எங்கக்கா சமையல துன்ன ஒடம்பு, ஒண்ணும் ஆவாது."

சிரித்தோம். அவன் அக்கா மெர்சி என் மனைவி. இனி எழுதப்போவதை அவளிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. நம்பவைக்க இப்போது தெம்பும் இல்லை. ஆனால் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் நான் கிரேன் ஓட்டினேன். கீழே நின்று எனக்குக் கை காட்டியவன் ஸ்டீபன். அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அவன் என்னைப் பார்த்து நின்று கை காட்டும் பக்கம் கொக்கியை நகர்த்துவேன். ஆலை மூடியதும் தொழிற்பேட்டையிலேயே பைபர் படகு கட்டும் கொட்டகையில் சேர்ந்தோம். பழவேற்காட்டில் படகோட்டப் பழகினோம். கொட்டகையில் கட்டிய ஒரு பாய்மரப் படகை லட்சத்தீவில் வாங்கியவரிடம் சேர்க்க எங்களை அனுப்பினார்கள்.

பவளப்பாறைகள் வரும் இடத்தில் நான் சுக்கான் பிடிப்பேன். ஸ்டீபன் முன்முனையில் நின்று, தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, எனக்கு முதுகு காட்டியபடி அதே ஆலைச் சைகை செய்வான். நீலம் என்றால் ஆழம். பழுப்பு என்றால் பாறை.

உப்புமா தின்றபின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா?"

"காத்து மாமா. சோடா கீதா?"

சோடா இல்லை. வியர்த்துக் கொட்டியது. இடது கை மரத்தது. கீழறையில் படுக்கவைத்தேன். படகு சாய்ந்து ஓடியதால், உருண்டு விழாமலிருக்கப் போர்வையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன்.

மோட்டார் முந்தைய நாளே பழுது. போனில் சிக்னல் இல்லை. வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும். அதன்பின் சுக்கானை விட்டுக் கீழே இறங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி உள்ள தீவு மாலையில்தான் தெரிந்தது. சுற்றிலும் பாறை வளையம். இருட்டுவதற்குள் உள்ளே போகவேண்டும். இல்லையென்றால் ஸ்டீபன் பிழைக்கமாட்டான். சூரியன் நேர் எதிரே இருந்தது. கடல் முழுக்கத் தகரம்போல் மின்னியது. நிறமே தெரியவில்லை. அலை பாறையில் உடையும் சத்தம் மட்டும்... தம்... தம்...

"தோ, வந்துட்டோம்டா! தாங்கிக்கோ!" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

நிமிர்ந்தேன்.

முன்முனையில் ஸ்டீபன் நின்றிருந்தான்.

"ஏன்டா எய்ந்து வந்த? போய்ப் படு!"

கை மட்டும் அசைந்தது. வலப்பக்கம்.

திருப்பினேன்.

இடப்பக்கம்... நேராக...

அப்போதுதான் கவனித்தேன். அவன் சட்டைப் பை தெரிந்தது. பொத்தான்கள் தெரிந்தன.

ஆலையில் நிற்பதுபோல் என்னைப் பார்த்து நின்றிருந்தான். முதுகு பாறைப் பக்கம்.

பிறகு எதைப் பார்த்து வழி சொல்கிறான்?

படகு தூக்கிப் போட்டது. அவன் எதையும் பிடிக்கவில்லை. ஆடவுமில்லை.

கை மட்டும்...

நேராக... நேராக...

தம்... தம்...

சத்தம் இப்போது எனக்குப் பின்னால்.

விரலைக் கீழே காட்டிச் சுழற்றினான். 'இறக்கு.'

பாயை அவிழ்த்துவிட்டு, நங்கூரம் இறக்க முன்னால் ஓடினேன். நங்கூரம் இருந்தது.

அவன் இல்லை.

கீழே இறங்கினேன். கயிறு நான் போட்ட முடிச்சோடு இருந்தது. அதற்குள் ஸ்டீபன் இருந்தான்.

சில்லென்று.

உயிர் மதியமே போயிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் ஒரு மீனவர் எந்த வழியாக வந்தாய் என்று கேட்டார். கிழக்கே காட்டினேன். அவர் என்னைக் கரையோரமாகக் கூட்டிப்போனார்.

கடல் வற்றியிருந்தது. நான் வந்த இடத்தில் பாறை சுவர்போல் நீண்டு கிடந்தது. ஓர் இடைவெளிகூட இல்லை. அதன்மேல் பெண்கள் நடந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நீர் ஏறினாலும் அங்கே முழங்கால் அளவுதான் என்றார். எங்கள் படகு மிதக்க ஓர் ஆள் ஆழம் வேண்டும்.

ஸ்டீபனை ஊருக்குக் கொண்டுவந்து ஆரம்பாக்கத்தில் அடக்கம் செய்தோம். படகை எடுத்துவரக் கொட்டகை முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பினார். அதை வெளியே கொண்டுவரும் ஆழமான வழி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

படகு இன்னும் அந்த வளையத்துக்குள்தான் நிற்கிறது.