பெரியம்மா வீட்டு மிதவை

எங்கள் பெரியப்பா கடலில் ஆள் காப்பாற்றியவர் என்றால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். தேயிலை மலையில் பிறந்தவனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். தோட்டத்து ஆட்களின் பழங்கதைகளைச் சேர்க்கிறோம் என்று பதுளையில் உட்கார்ந்திருந்த ஒருவரும் அதையேதான் கேட்டார். அவருக்குக் கொழுந்துக் கூடையும் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியும் போதுமாம். எங்களுக்கு வேறு எதுவும் இருந்திருக்கக் கூடாது போல. அவர் எழுதாவிட்டால் போகட்டும், நான் எழுதுகிறேன்.

பெரியப்பா லுணுகலைப் பக்கம் எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவர். கல்யாணமான புதிதில் துரையோடு சண்டை போட்டுக்கொண்டு, பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு கிழக்குக் கரைக்கு இறங்கிவிட்டார். அங்கே கடற்கரையில் உயிர்காப்புச் சாவடி ஒன்று இருந்தது. சாவடி என்றால் ஒரு குடிசை, ஒரு விசில், ஒரு மிதவை வளையம், நீளமான கயிறு. அதற்குப் பொறுப்பாக இருந்தார். தோட்டத்து ஆற்றில் பழகிய நீச்சல் கடலுக்கும் போதுமாக இருந்தது. அவர் இறந்த பிறகு பெரியம்மா அந்த வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கே திரும்பி வந்தார். லயத்தில் ஓர் அறைதான் ஒரு வீடு, காம்பரா என்போம். அடுத்த காம்பரா எங்களுடையது.

வளையம் பெரியம்மா கதவுக்கு மேலே தொங்கியது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் புறப்படும் அன்று அதைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். தண்ணீரிலிருந்து ஆளைத் திருப்பிக் கொண்டுவந்த சாமான், தங்களையும் திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று நம்பினார்கள். பிளேனில் போகிறவளுக்கு மிதவை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பெரியம்மா சும்மா தொடவும் விடமாட்டார். பெரியப்பாவின் கதையைக் கேட்க வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் வந்து, பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்கள்.

என் அம்மா மட்டும் அந்தக் கதையைக் கேட்டதே இல்லை. தண்ணீர் விழுகிற பீலியில் யார் வாளியை முதலில் வைப்பது என்று ஒரு நாள் ஆரம்பித்த சண்டையில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் பேச்சு இல்லை.

அப்படியிருக்க அம்மாவுக்கும் விசா வந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வேன் லயத்துக்குக் கீழே வந்து நின்றது. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வாசலைத் தாண்டி நேராக நடந்தார். நான் ஓடிப்போய்ப் பையைப் பிடித்துத் தொங்கினேன்.

"தொடாமப் போனா நீ திரும்பி வரமாட்டே."

"அந்த டயரைத் தொட்டுத்தான் நான் வரணுமாடி?"

நான் பையை விடவில்லை. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடைசியில் அம்மா திரும்பிப் போய்ப் பெரியம்மா வாசலில் நின்றார். பெரியம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதையை ஆரம்பித்தார்.

கடல் கொந்தளித்த நாளில் ஒரு தோணி கவிழ்ந்ததையும், சாவடியில் உதவிக்கு இருக்க வேண்டியவன் அன்றைக்கு வராததையும், பெரியப்பா வளையத்தோடு நீந்திப்போய் இரண்டு பேரை அதில் மாட்டியதையும் சொன்னார். அம்மா வேகவேகமாகத் திருப்பிச் சொன்னார். கீழே வேன்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரையும் கரைக்குக் கொண்டாந்துட்டாரு. அவ்வளவுதானேக்கா?"

"இல்ல. கரையில ஒரு ஆளு கயித்தைப் புடிச்சிருந்துச்சு. அதை விட்டுட்டே. மறுபடி சொல்லு."

பழைய வாளிச் சண்டைக்குப் பழி வாங்குகிறார் என்றே நினைத்தேன். வேன் போய்விட்டால் என்ன செய்வது? அவர் கையைக் கடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அம்மா திரும்ப ஆரம்பித்தார். அந்த இடம் வந்ததும் நிறுத்திப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"கரையில ஆளு இருந்துச்சு. கயித்தை விடல."

"இப்ப தொடு. போயிட்டு வா."

அம்மா தொட்டார். ஓடிப்போய் வேனில் ஏறினார். ஒப்பந்தம் முடிந்து முழுதாகத் திரும்பியும் வந்தார். வேலை செய்த வீட்டில் கூட இருந்த பெண்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்திருந்தார். பதுளையில் எழுத மறுத்த கதை கடலுக்கு அந்தப் பக்கம் எத்தனை அடுப்படிகளில் ஓடுகிறதோ தெரியாது. இப்போது எங்களுக்குத் தனி வீடு கட்டித் தந்திருக்கிறார்கள். பெரியம்மா இல்லை. வளையம் என் வாசலுக்கு மேலே தொங்குகிறது. தொட வருகிறவர்களிடம் நானும் அதே இடத்தில் கண்டிப்பாகத்தான் இருக்கிறேன். ஒரு வார்த்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். 'ஒரு ஆளு' என்று சொல்வதில்லை, 'அவரு பொஞ்சாதி' என்று சொல்லச் சொல்கிறேன். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்து இழுத்தது பெரியம்மாதான். அம்மா அதை அந்த வாசலிலேயே புரிந்துகொண்டாராம். எனக்கு வருடங்கள் கழித்துச் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அம்மா போன அன்று சாயந்தரம் பெரியம்மா யாரையும் கேட்காமல் எங்கள் காம்பராவுக்குள் வந்தார். அடுப்பை மூட்டி ரொட்டி சுட்டார். நான் கோபத்தில் வாயைத் திறக்கவில்லை. பிட்டுப் பிட்டு ஊட்டினார். அந்த இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே ஒரு தழும்பு பளபளவென்று ஓடியது. கொழுந்து பறித்து வந்த காய்ப்பு என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறந்தேன்.