தரகர் தில்லைநாயகத்தின் சுண்டுவிரல்

சைவப் பிள்ளைமார் வீட்டில் பிறந்து, தேவாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு மாட்டுத் தரகுக்குப் போன ஒரே ஆள் அந்தப் பக்கத்தில் தில்லைநாயகம்தான். கல்யாண வீட்டில் அவரைக் கண்டால் சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பொத்திக்கொண்டே, நல்ல கறவை மாடு ஒன்று பார்த்துச் சொல்லும்படி காதோரம் கேட்பார்கள். அவரும் சொல்வார். சொந்தக்காரர்களுக்கு அவர் சொன்ன மாடுகளில் பாதி உதைக்கும்.

கழுகுமலையோ வேறெங்கோ, மாட்டுத்தாவணி என்னும் மாட்டுச்சந்தை கூடுகிற இடமெல்லாம் அவர் தோளில் ஒரு சிவப்புக்கரைத் துண்டு போகும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது தாவணி வழக்கம். மேலே வாய் வெற்றிலை மென்றபடி மழையைப் பற்றிப் பேசும், கீழே விரல்கள் பேரம் பேசும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. படியாமல் போனாலும் யாருக்கும் தலைகுனிவில்லை. விரல் சொன்னதை வாய் சொல்லக் கூடாது, இரண்டு பேர் கையும் விலகுகிறவரை துண்டை எடுக்கக் கூடாது. தில்லைநாயகம் கிழட்டு மாட்டின் கொம்பைச் சீவி இளமாடு என்று தள்ளியிருக்கிறார். ஆனால் இந்த இரண்டையும் ஒருநாளும் மீறியதில்லை. அவரிடம் இருந்த ஒழுக்கம் மொத்தமும் அவ்வளவுதான்.

ஒரே மகள் கோமு. தரகன் மகளுக்குத் தாசில்தாரா வருவார்? ஆழ்வார்குறிச்சிக்குத் தெற்கே ஆற்றங்கரை நூல் மில்லில் வேலை பார்த்த நெல்லையப்பன் வந்தான். விக்கிரமசிங்கபுரத்துப் பெரிய மில்லைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்த சின்ன மில் அது. நெல்லையப்பன் நல்ல வேலைக்காரன், வாய்தான் நீளம். மாமனாரை ஒருநாளும் 'மாமா' என்று கூப்பிட்டதில்லை. 'தரகரே' என்பான். அவன் வாயை யாராவது அடக்க மாட்டார்களா என்று தில்லைநாயகமே சாமியிடம் கேட்டிருக்கிறார்.

டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டிய மறுவருஷம் அதற்கு ஏற்பாடானது. மில்லில் மத்தியானச் சங்கு ஊதினால் பெண்டுகள் சோற்றுச் சட்டியோடு வாசலில் நிற்பார்கள். உட்கார்ந்து நாலு கவளம் உள்ளே போவதற்குள் மறுசங்கு ஊதிவிடும். ஒருநாள் பத்துப் பேர் மறுசங்குக்கு எழுந்திருக்கவில்லை. மதிலோரம் வரிசையாக உட்கார்ந்து மோர்ச்சோறு வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டார்கள். வரிசையில் கடைசியாக இருந்த நெல்லையப்பன், கையைக் கழுவிவிட்டுத் துரையைப் பார்த்து ஒரு ஏப்பமும் விட்டான். பத்துப் பேருக்கும் அன்றே வேலை போனது. மறுநாள் மற்ற ஆட்களும் மில்லுக்குள் கால் வைக்கவில்லை.

அந்தப் பத்துப் பேரில் ஒருத்தனையும் சேர்க்கமாட்டேன் என்று துரை வாசலில் நின்று கத்தினார். ஆட்கள் பக்கம் மேஸ்திரி நமச்சிவாயம், பத்தில் ஒன்று குறைந்தாலும் மில் வாசலை மிதிக்கமாட்டோம் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். நடுவில் நின்று மொழிபெயர்த்த ரைட்டர் இரண்டு பக்கமும் தன் பங்குக்குக் கொஞ்சம் காரம் சேர்த்தார். வாரங்கள் போயின. துரைக்கு நூல் இல்லை, ஆட்களுக்குக் கஞ்சி இல்லை. இறங்கிவர இரண்டு பக்கமும் ஆசைதான். ஊரறியச் சொன்னதை எப்படி விழுங்குவது என்று தெரியாமல் முழித்தார்கள்.

கோமு அப்பாவிடம் வந்தாள்.

"வேலை திரும்பக் கெடைக்கலன்னா கொழும்புக்குக் கப்பலேறுதேன்னு சொல்லுதாவ. அவிய போனா நானும் போவணும்லாப்பா."

தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று தில்லைநாயகத்துக்குத் தெரியும். அவருக்குப் பயம் வந்துவிட்டது. கொம்பு சீவிய காளை நெஞ்சுக்கு நேரே பாய்ந்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

மறுநாள் துண்டோடு துரையின் ஆபீசுக்குப் போனார். மில் வண்டிக்கு அவர் விற்ற ஜோடிக் காளையில் ஒன்று பாலத்தைக் கண்டாலே படுத்துவிடும். அதனால் துரை முதலில் கைத்தடியைத்தான் தேடினார். தில்லைநாயகம் ரைட்டர் பக்கம் திரும்பினார்.

"இத மட்டும் கூட்டாமக் கொறைக்காமச் சொல்லும்வே. பத்து ஆளு, பத்து வெரலு. மதிலோரம் உக்காந்த வரிசைதான் வெரல் வரிசை. வேண்டாத ஆளோட வெரலத் தொரை மடக்கட்டும். வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது."

தாவணியில் ஒரு கைதான் பேசும். ஆள் பத்து என்பதால் அன்று இரண்டு கையும் துண்டுக்குள் போயின. துரை எடுத்த எடுப்பில் பத்து விரலையும் மடக்கினார். தில்லைநாயகம் ஜன்னல் வழியே மலையில் மேகம் கூடுவதைப் பாராட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். துரை இரண்டை மடக்குவார், ஒன்றை விடுவார். கடைசியில் ஒன்பது விரல் நிமிர்ந்து நின்றன. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்கியே கிடந்தது. அது நெல்லையப்பன். ஏப்பத்தைத் துரை மறக்கவில்லை. தில்லைநாயகம் விரலை உந்திப் பார்த்தார், துரை இன்னும் இறுக்கினார். வாயால் கெஞ்சலாம் என்றால், வாய் பேசக் கூடாது என்று சட்டம் போட்டதே இவர்தான்.

பரவாயில்லை, மேஸ்திரி விடமாட்டார் என்று தேற்றிக்கொண்டு ஆற்றங்கரை மருதமரத்தடிக்கு வந்தார். அத்தனை ஆட்களும் அங்கே இருந்தார்கள். விரல் வரிசையைச் சொல்லிவிட்டு, மேஸ்திரிக்கு எதிரே உட்கார்ந்து துண்டை விரித்தார். கூட்டத்தின் ஓரத்தில் நெல்லையப்பனும் பின்னால் கோமுவும் நின்றார்கள்.

துரை சொன்னதைச் சொன்னபடி காட்டவேண்டியது தரகன் கடமை. தன் சுண்டுவிரலைத் தானே மடக்கிக் காட்டினார். காட்டிவிட்டு, மேஸ்திரி அதை நிமிர்த்துவார் என்று காத்திருந்தார்.

"பத்துன்னா பத்துதான் அண்ணாச்சி, ஒண்ணு கொறையாது" என்று மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. துண்டுக்கடியில் மேஸ்திரியின் கை பைய வந்து, மடங்கிய சுண்டுவிரலின் மேல் படிந்து, அழுத்தியது. பேரம் முடிந்தது என்பதற்குத் தாவணியில் அதுதான் அடையாளம்.

தில்லைநாயகத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை கள்ளக் கையைப் பிடித்திருப்பார். இப்படி ஒரு கையைப் பிடித்ததில்லை. மேஸ்திரி, "துண்ட எடுக்காண்டாம்" என்று பல்லிடுக்கில் முணுமுணுத்தார். தில்லைநாயகம் வலது கையை உருவி, துண்டைப் பிடித்து இழுத்துத் தூர எறிந்தார்.

மேஸ்திரியின் பிடிக்குள் சுண்டுவிரல் மடங்கிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அது யார் விரல் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேஸ்திரி கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு, "ஓம்ம வெரலு மடங்குனா என்னையக் கேட்டா?" என்றார்.

"மடக்குனது நாந்தான். அமுக்குனது நீரு. தொரையும் இதே வெரலத்தான் அமுக்குனாரு" என்று தில்லைநாயகம் மீதியையும் போட்டு உடைத்தார்.

நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்த அன்னத்தாய்தான் முதலில் எழுந்தாள்.

"ஒருத்தனையும் சேக்கமாட்டேன்னவரு ஒம்பதுக்கு வந்திருக்காரா? அப்ப நம்மளவிட அவருக்குல்லா அவசரம்? உக்காருங்க எல்லாரும். இனிமே நாங்க போயிப் பேசுதோம். வாயால பேசுதோம்."

மேஸ்திரியை விட்டுவிட்டு, அன்னத்தாயும் இன்னும் நாலு பேரும் ஆபீசு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி, வெளியே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்கள். இத்தனை காது கேட்டுக்கொண்டிருந்ததில் ரைட்டருக்கும் காரம் சேர்க்கத் தைரியம் வரவில்லை. துரை தில்லைநாயகத்தை நாலு கெட்ட வார்த்தை திட்டினார், மேஜையைக் குத்தினார். மூன்றாம் நாள் பத்துப் பேரையும் சேர்த்துக்கொண்டார். சாப்பிட்டு முடிக்க நேரம் விடவும், மறுசங்குக்கு முன்னால் எச்சரிக்கையாக ஒரு முன்சங்கு ஊதவும் ஒப்புக்கொண்டார்.

தில்லைநாயகத்தின் தொழில் அதோடு படுத்தது. துண்டை உருவிய தரகன் என்று தாவணிதோறும் பேச்சாகிவிட்டது. அப்புறம் அவர் துண்டுக்குள் ஒருத்தரும் கையை விடவில்லை. தரகன் கதி இதுதான் என்று சொந்தக்காரர்கள் ஆனந்தமாகத் துக்கம் விசாரித்தார்கள்.

வேலையில்லாமல் ஒருநாள் மில் பக்கம் வந்தவரைக் கோமு வாசலில் பிடித்து உட்காரவைத்தாள். மதிலோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நெல்லையப்பன் தலை நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கும் 'மாமா' என்று கூப்பிடவில்லை. தன் சட்டியிலிருந்து பாதிச் சோற்றை ஒரு இலையில் போட்டு அவர் பக்கம் தள்ளினான். அவர் கைவைத்துக் கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது. மறுசங்கென்று நினைத்துத் தில்லைநாயகம் எழுந்திருக்கப் போனார்.

"அது முன்சங்குதான்" என்றான் நெல்லையப்பன். "இன்னும் நேரம் கெடக்கு. பையச் சாப்பிடும் தரகரே."