அப்பாவின் உரத்த வேண்டுதல்

என் தந்தையார் தரையில் கிடந்ததை முதலில் கண்டவள் என் மகள். சென்ற ஆண்டு ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை, காலை ஏழே முக்கால் மணி. பள்ளிக்குப் புறப்படுமுன் தாத்தாவிடம் சொல்லிக்கொள்ளச் சென்றவள் அலறினாள். அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாள்தோறும் முழந்தாளிடும் இடத்திலேயே, கட்டிலோரம், ஒருக்களித்துக் கிடந்தார். வாய் ஒருபுறம் கோணியிருந்தது. அவர் ஐந்து மணிக்கு எழுபவர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். அடுத்த அறையில் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருக்கிறதென்று மகிழ்ந்துகொண்டும் இருந்தேன்.

அந்த அமைதி நான் உண்டாக்கியது. அதை அறிக்கையிடவே இதை எழுதுகிறேன்.

தந்தையார் இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டு உழைத்தவர். நூல் சுற்றும் கதிர்கள் சுழலும் பிரிவில், பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு சொல் சொல்லவும் கத்தவேண்டும். ஓய்வு பெற்றபோது காது பெரும்பாலும் போயிருந்தது; குரல் மட்டும் ஆலையில் இருந்த அளவிலேயே நின்றுவிட்டது. அம்மா மறைந்தபின் திருவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு வந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் வேண்டுதல் தெருமுனை வரை கேட்கும். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அவரவர் குறையையும் சொல்லி வேண்டுவார். என் குடற்புண்ணும் முன்கோபமும் அவ்வாறே தெருவறிந்தவை ஆயின.

நான் தமிழாசிரியன். ஆலயத்தில் வேண்டுதல் செய்ய அழைத்தால் முதல்நாளே எழுதி, அடித்துத் திருத்தி வைத்துக்கொள்பவன். ஒருநாள் மாடி வீட்டுக்காரர் என்னைப் படியில் நிறுத்தி, சிரித்தபடி, "ஒங்கப்பா புண்ணியத்துல எங்க வீட்ல அலாரமே வைக்கிறதில்ல சார்," என்றார். அச்சிரிப்பை நான் ஏளனமென்று கொண்டேன். தந்தையாரோடு நாங்கள் பேசுவது பெரும்பாலும் என் மகளின் சிலேட்டில் எழுதித்தான். அன்று மாலை அதை எடுத்து, "இனி மனத்துக்குள் வேண்டுங்கள். அக்கம்பக்கத்தார் நகைக்கின்றனர்" என்று எழுதி நீட்டினேன். உதடசைத்து இருமுறை படித்தார். பேத்தி பார்த்துவிடாதபடி உள்ளங்கையால் தாமே அழித்தார்.

"சரிய்யா. ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும். கேக்காதது எனக்குத்தான," என்றார்.

அதன்பின் இரண்டு மாதம் அவர் குரல் எழவில்லை. முன்போல் வேண்டியிருந்தால், அது பாதியில் அறுந்ததை அத்திங்கட்கிழமை நான் கேட்டிருப்பேன்.

இராசபாளையத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். எத்தனை மணிக்கு விழுந்தார் என்பதே மருத்துவரின் முதல் கேள்வி. ஐந்து மணிக்குப் பின் என்று மட்டும் சொன்னேன். மூளையில் இரத்தம் உறைந்திருக்கிறது, நேரமும் கடந்துவிட்டது, நினைவு திரும்புமென்று உறுதி கூற இயலாது என்றார். மூன்று நாள் தந்தையார் கண் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் மாடி வீட்டுக்காரர் பார்க்க வந்தார். குரல் நின்றதால், பெரியவர் ஊருக்குப் போய்விட்டார் என்றே எண்ணியிருந்தாராம். பிறகு தயங்கிச் சொன்னார்: "எம் பொண்டாட்டி மூட்டுவலியையும் அவிய ஜெபத்துல சொல்லுவாக சார். தெனமும் ஆறாவதா வரும். அதக் கேட்ட பொறவுதான் அவ அடுப்படிக்கே போவா."

நான் தலைகுனிந்தேன். ஓராண்டுக்கு மேல் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அவ்வேண்டுதலை நான் ஒருநாளும் இறுதிவரை கேட்டதில்லை. ஓசையை மட்டுமே கேட்டேன். சொற்களைக் கேட்டவர்கள், நம் ஆலயப் படி ஏறாத அயலார்.

அன்று மாலை மருத்துவமனை நடைவழியில், ஆட்கள் கடந்துசெல்ல, முழந்தாளிட்டேன். செப்பமான சொல் ஒன்றும் வரவில்லை. "அப்பா சத்தத்தக் கேக்கணும் ஆண்டவரே. ஒரு தடவ." அவ்வளவே என் வேண்டுதல்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி. கட்டிலருகே நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன். பழைய ஆலைக்குரல் எழுந்தது. நாக்குக் குழறியது, உரம் குறையவில்லை. அறையிலிருந்த நோயாளிகள் அனைவரும் விழித்துக்கொண்டனர். பேத்தியின் பெயர் முதலில் வந்தது. மூட்டுவலி ஆறாவதாகவே வந்தது. கடைசியில் நான். "அவன் நல்ல பயதான். அவம்மேல குத்தம் வச்சிராதேயும், ஆண்டவரே."

தெருவுக்கு நாணியவன் அத்தனை பேர் முன்னும் அழுதேன். ஒருவரும் நகைக்கவில்லை. அடுத்த கட்டிலருகே இருந்த அம்மாள் மட்டும் மெல்லக் கேட்டார்: "அண்ணாச்சி, நாளைக்கு எங்க வீட்டுக்காரரு பேரையும் சேத்துக்கிடச் சொல்லுங்க."

மகள் சிலேட்டைக் கொண்டுவந்தாள். "மன்னியுங்கள் அப்பா. உரக்கவே வேண்டுங்கள்" என்று எழுதினேன். படித்தார். நலமாயிருந்த வலக்கையால் முதல் சொல்லை மட்டும் அழித்துவிட்டு, மற்றதை விட்டுவைத்தார்.

அதன்பின் ஏழு மாதம் எங்கள் வீட்டில் அக்குரல் ஒலித்தது. நாள்தோறும் அவர் பின்னால் அமர்ந்து இறுதிவரை கேட்டேன். பங்குனியில் ஆண்டவரிடம் சென்றார். அம்மாதங்கள் எனக்குத் தகாத கொடை; அருளியவருக்கு நன்றி. என் நாணம் தீரவில்லை, தீரவேண்டுமென்று வேண்டவுமில்லை. அன்பர்களே, அழகிய சொல் வாய்க்கவில்லையென்று நீங்கள் வேண்டாதிருந்துவிடாதீர்கள். சொல்லற்றுக் கிடந்த எனக்கே செவிசாய்த்தவர், உங்களைக் கைவிடார்.

இப்போது ஐந்து மணிக்கு அவ்விடத்தில் நான் முழந்தாளிடுகிறேன். முதல்நாள், பழக்கத்தால் முணுமுணுத்தேன். மகள் பின்னால் வந்து தோளைத் தொட்டாள்.

"சத்தமா ஜெபம் பண்ணுங்கப்பா. தாத்தாவுக்குக் காது கேக்காதுல்ல."

குரலை உயர்த்தினேன். ஆறாவதாக மூட்டுவலியைச் சொன்னேன். சற்றுப் பொறுத்து, மாடியில் பாத்திரம் உருட்டும் ஓசை கேட்டது.