ஒரு தடவைக்கு ஏழு சிப்ஸ்

எங்கள் சோளச் சிப்ஸ் கம்பெனியில் அவளை எல்லாரும் உப்பம்மா என்றுதான் சொல்வோம். சிப்ஸை இடித்துத் தூளாக்கி, உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று சோதித்து எழுதுவது அவள் வேலை. பதினாறு வருஷத்தில் ஒரு அளவைக்கூட முன்னே பின்னே போட்டதில்லை. பாக்கெட் பிரிவில் இருக்கும் எனக்கு அவளிடம் கொஞ்சம் பயம், நிறையப் பிரியம். முதலாளி அவள் கணவரின் தம்பி. கணவர் இறந்தபின் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

போன மாதம் புது விதி வந்தது. ஒருவர் ஒரு தடவை தின்னும் அளவில் உப்பு வரம்பு மீறினால் பாக்கெட்டின் முகப்பில் சிவப்பு வட்டம் போட வேண்டும். அந்த அளவு எவ்வளவு என்பதைக் கம்பெனியே சொல்லிக்கொள்ளலாமாம். கேட்க வேண்டுமா! ‘ஒரு தடவைக்கு ஏழு சிப்ஸ்’ என்று தாளில் எழுதிக்கொண்டு முதலாளி சோதனை அறைக்கே வந்துவிட்டார். ஏழு என்றால் உப்பு வரம்புக்குள் அடங்கிவிடும், வட்டம் தேவையில்லை. சோதனைக்குப் பாக்கெட் கொண்டுபோன நானும் இன்னும் இரண்டு பேரும் அங்கேதான் நின்றிருந்தோம்.

“அண்ணி, ஒரு கையெழுத்து.”

“ஏழோட யாரு தம்பி நிறுத்துவாங்க? உப்பைக் குறைச்சிடுவோமே.”

“ருசி போயிடும். போடுறீங்களா, வேற ஆளைப் பாத்துக்கவா?”

அவள் பேனாவைத் தொடவில்லை. ஒரு பெரிய பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டி மேசை நடுவில் வைத்தாள்.

“சரி, ஏழு எப்படி வந்துச்சுன்னு விளக்கமா சொல்லுங்க.”

பேச ஆரம்பித்தால் அவருக்கு ஊர் உலகம் தெரியாது. கை அது பாட்டுக்குத் தட்டுக்குப் போய்வந்தது. நான் எண்ணினேன். வியாபாரத்தைப் பற்றிச் சொல்லும்போது பத்தொன்பது, போட்டிக் கம்பெனியைத் திட்டும்போது முப்பத்து நான்கு. கடைசியில் தட்டே காலி; விரலில் ஒட்டிய உப்பையும் விடவில்லை.

“நாப்பத்தெட்டு,” என்றேன். என் வாய் சும்மா இருக்குமா?

“இது எத்தனை தடவை தம்பி?” என்று கேட்டாள் உப்பம்மா.

“ஒரே தடவைதான் அண்ணி!”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. எல்லாரும் சிரித்தோம், அவரும்தான்.

“உங்க அண்ணனும் இப்படித்தான். டாக்டர் உப்பைக் குறைன்னா, ஒரே தடவைதானேன்னு சிரிப்பாரு,” என்றாள்.

முதலாளி காலித் தட்டைத் தள்ளி வைத்தார். தாளில் ‘ஏழு சிப்ஸ்’ என்பதை அடித்துவிட்டு ‘முழுப் பாக்கெட்’ என்று எழுதினார்.

“உப்பைக் குறைக்க எத்தனை நாள் ஆகும் அண்ணி?”

“மூணு வாரம். அதுவரைக்கும் சிவப்பு வட்டம் போட்டுத்தான் ஆகணும்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.