கேமரா தேடிய முகம்

நாமக்கல்லில் கோழி நோய்களைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் நான் கால்நடை மருத்துவர். பண்ணைக்காரர்கள் செத்த கோழிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவார்கள். அறுத்துப் பார்த்து, ஈரலையும் குடலையும் மூச்சுக்குழாயையும் படமெடுத்து அறிக்கையோடு அனுப்புவேன். இத்தனை வருடமும் கைப்பேசியிலேயே எடுத்தாயிற்று. உயிரோடு இருப்பவற்றையும் கொஞ்சம் நல்ல கேமராவில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் தீராமல் இருந்தது. நான் விரும்பிய கேமராவைப் புதிதாக வாங்க வழியில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒருவர் அதே கேமராவை லென்ஸோடு விற்கப்போவதாக இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தார்.

என் கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பழைய வண்டிகளோடு புழங்கிப் புழங்கி எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். "பழசு வாங்கறதுன்னா, ஏன் விக்கறாங்கன்னு மொதல்ல கேட்டுரோணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். கல்லூரியில் படிக்கும் மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கூடத்துச் சுவரில் இயேசுவின் படமும் மாதாவின் படமும் இருந்தன. கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரிந்தது. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். ஏன் விற்கிறார் என்று என் கணவர் அதற்குமேல் கேட்கவில்லை.

கேமராவில் ஒரு கீறல்கூட இல்லை. இயக்கிக் கூடத்தை நோக்கிப் பிடித்தேன். முகம் எங்கே இருக்கிறது என்று கேமரா தானாகவே கண்டுபிடித்து, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு கட்டம் போடும். எதிரே நாற்காலியில் இருந்த அவர் முகத்தில் வெள்ளைக் கட்டம் விழுந்தது. இயேசுவுக்கும் மாதாவுக்கும்கூட விழுந்தது. சிரிப்பு வந்தது. அதற்குள் அந்தக் கட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு, கேமரா சுவரில் இருந்த பெண்ணின் படத்துக்குத் தாவியது. அங்கே விழுந்த கட்டம் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. நான் மறுபடி அவர் பக்கம் திருப்பினேன். அந்தப் படம் ஓரத்தில் தெரிந்தாலே போதும், கேமரா அங்கேயே போய் நின்றது.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே புரிந்துவிட்டது.

"என் ஒய்ஃப்ங்க. சர்ச்ல பாட்டுக் குழுவுல கடைசி வரிசைல நிப்பா. முன்னாடி நிக்கிறவங்க மேலயே ஃபோகஸ் போகும். அதான் அவ முகத்த இதுல பதிஞ்சு வச்சேன். எவ்ளோ கூட்டம் இருந்தாலும் முதல்ல அவளத்தான் பிடிக்கும். அவளுக்கு மட்டுந்தான் அந்தக் கலர்."

அவர் மனைவி இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார். ஏதோ காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான் கேமராவை மெதுவாக மேசைமேல் வைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தபோது அவர் கேமராவைப் பையில் போட்டு என்னிடமே நீட்டினார். கொண்டுபோய் வெளியிடங்களில் எடுத்துப் பார்க்கும்படியும், பிடித்தால் மட்டும் வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னார். முன்பணம் கொடுக்கிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். இவ்வளவு விலையுள்ள பொருளை முன்பின் தெரியாதவர்களிடம் இப்படியா கொடுப்பார்கள் என்று என் கணவர் காரில் வியந்துகொண்டே வந்தார். எனக்கும் அது உறுத்தியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் தங்கை மகள் நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். அன்று பெற்றோர் வந்து பார்க்கும் நாள். தங்கையால் வர முடியாததால் நான் போனேன். பள்ளி மைதானத்தின் வேப்பமரத்தடிகளில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்த தூக்குப் போசிகள் திறந்திருந்தன. தங்கை மகளுக்குச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தை ஒரு படம் எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கினேன்.

திரை முழுக்க வெள்ளைக் கட்டங்கள். சட்டென்று எல்லாம் மறைந்து, தூரத்தில் ஒரே ஒரு முகத்தின்மேல் கத்திரிப்பூ நிறம்.

ஒரு அம்மா மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஏதோ சொல்ல, அம்மா சிரித்தபடி முகத்தைப் பாதி திருப்பியிருந்தாள். அவள் நேராகத் திரும்பியதும் நிறம் வெள்ளையானது. மறுபடி குனிந்து பக்கவாட்டில் பார்த்தபோது கத்திரிப்பூ நிறம் திரும்ப வந்தது. இயந்திரம் தவறாக அடையாளம் காண்கிறது, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. படமெடுக்கும் பொத்தானுக்கு விரல் போகவில்லை. "பெரியம்மா, என்ன ஆச்சு?" என்று தங்கை மகள் கேட்கும் வரை அப்படியே நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "வேண்டாங்க, திருப்பிக் குடுத்தர்லாம்" என்றேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை. அன்று முழுவதும் கேமராப் பை இருந்த அறைக்குள் நாங்கள் இருவருமே தேவையில்லாமல் போகவில்லை.

திருப்பிக் கொடுக்கச் சேலம் போனபோது, நாங்கள் உட்காருவதற்கு முன்பே கேமராக்காரர் கேட்டார்.

"யாரு மேலயாச்சும் அந்தக் கலர் விழுந்துச்சா டாக்டர்?"

அவர் ஏன் அவ்வளவு சுலபமாகக் கேமராவைக் கொடுத்தனுப்பினார் என்று அப்போதுதான் விளங்கியது. பொய் சொல்ல வாய் வரவில்லை. விழுந்தது என்றேன். எங்கே, எப்படி இருந்தாள், என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள் என்றதும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். மனைவி இறந்த சில மாதங்களில், ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருத்திமேல் அந்த நிறம் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து கூட்டம் எங்கே கூடினாலும் கேமராவோடு போக ஆரம்பித்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டு, கோயில் திருவிழா, துணிக்கடை வாசல். ஒருமுறை ஒரு பெண்ணின் பின்னாலேயே பஸ்ஸில் ஏறி ஆத்தூர் வரை போய்விட்டாராம். அவளுடைய அண்ணன் சட்டையைப் பிடித்திருக்கிறான்.

"அவ இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா இந்தக் கேமரா அவ இருக்காங்குது."

உள்ளேயிருந்து மகள் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நீங்க வாங்கிக்கங்க ஆன்ட்டி. இது வீட்ல இருந்தா அப்பா வெளிய போயிட்டே இருப்பாரு. எங்கூட உக்காந்து சாப்பிடறதே இல்ல."

வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். மகளின் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல முடியவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தேன். வாங்கிக்கொள் என்பதுபோல் அவர் தலையசைத்தார். வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ஆனால் உங்கள் மனைவியின் முகத்தோடு என்னால் கொண்டுபோக முடியாது, பதிவை அழித்துக் கொடுங்கள் என்றேன்.

அவர் கேமராவை எடுத்து மெனுவைத் திறந்தார். மனைவியின் முகம் தபால்தலை அளவுக்குத் திரையில் வந்தது. அழிக்கவா என்று கேட்டது கேமரா. அவர் கட்டைவிரல் பொத்தானின்மேல் அப்படியே நின்றது. "நீங்க செஞ்சிருங்க டாக்டர்" என்றார்.

"நான் செய்யக் கூடாதுங்க" என்றேன்.

மகள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலின்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். பிறகு அவர் கேமராவைத் தூக்கிச் சுவரை நோக்கிப் பிடித்தார். எல்லாமே வெள்ளைக் கட்டங்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மகளின் பக்கம் திருப்பினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவளை ஒரு படம் எடுத்து, மெமரி கார்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, கேமராவை என்னிடம் கொடுத்தார்.

இப்போது அது என்னிடம் இருக்கிறது. எருமப்பட்டிப் பக்கம் போனால் வயல்களையும் கொக்குகளையும் எடுக்கிறேன். அருமையாக வருகிறது. ஆனால் கூட்டத்தை நோக்கித் தூக்கும்போது மட்டும் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

அடுத்த முறை பெற்றோர் வந்து பார்க்கும் நாளில், அன்று சோறு ஊட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவை விடுதி வாசலில் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு அவள் சுவர்ப்படத்தில் இருந்தவரைப் போலவே இல்லை. நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்து அவளே கேட்டாள்.

"ஏனுங்க, எங்கியோ பாத்தாப்ல இருக்குதுங்களா?"

"ஆமாங்க" என்றேன். "எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரு மாதிரி இருந்துச்சுங்க."

"அவங்க நல்லா இருக்கறாங்களா?" என்று கேட்டாள்.

மகள் கூப்பிடவே, அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.